சின்ன கிளினிக்கில் கம்ப்யூட்டர் பதிவு: நோயாளி கையில் இருக்கும் நோட்டை என்ன செய்வது?

தேவகோட்டை டாக்டர் (கேள்வி)

வணக்கம். எம்.டி. முடித்துவிட்டு அப்பாவின் கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். மாலையில் எழுபது எண்பது பேர் வருவார்கள், பாதிக்கு மேல் சர்க்கரையும் பிரஷரும்தான். எங்களிடம் ஃபைல் என்று எதுவும் கிடையாது. நோயாளி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும், அப்பா அதில்தான் எழுதுவார். மஞ்சள் பையில் பழைய நோட்டு, லேப் ரிப்போர்ட், ஈசிஜி எல்லாம் கூடவே வரும். நோட்டைத் தொலைத்தவர்களும் "அந்த வெள்ளை மாத்திரை" என்று மட்டும் சொல்பவர்களும் தினமும் உண்டு.

சமீபத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கால் வீக்கம் என்று முதல் தடவையாக எங்களிடம் வந்தார். மகன் வீடு, மகள் வீடு என்று மாறி மாறி இருந்ததால் மூன்று ஊரில் மூன்று நோட்டு. மூன்றையும் மேசையில் விரித்தேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஒன்றில் 0.9, அடுத்ததில் 1.3, கடைசியில் 1.9. அந்த வயதுப் பெண்ணுக்கு 1.9 என்றால் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 30க்குக் கீழே. சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மினை நிறுத்தியாக வேண்டிய நிலை, ஆனால் பாட்டி தினமும் போட்டுக்கொண்டிருந்தார். இந்த எண்கள் ஒரே வரிசையில் யார் கண்ணிலும் பட்டதே இல்லை. எங்களிடம் பல வருடமாக வருகிறவர்களுக்காவது அந்த வரிசை திரையில் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு இரண்டு கவலை. டைப் அடித்துக்கொண்டிருந்தால் நோயாளி முகத்தை எப்போது பார்ப்பது என்பது ஒன்று. இன்னொன்று நோட்டு. "ராத்திரி நெஞ்சு வலின்னு மதுரைக்கு ஓடினா அங்க இருக்குற டாக்டருக்கு அந்த நோட்டுதான் பேசும். அதைப் புடுங்கிடாதே" என்கிறார். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. எங்கிருந்து தொடங்குவது? அரசு தரும் டிஜிட்டல் சுகாதார அடையாளமான ஆபா எண் கட்டாயமா?

நாமக்கல் குழந்தை மருத்துவர்

டாக்டர், முதல் நாளே மருந்துச்சீட்டை டைப் அடிக்க உட்காராதீர்கள். நாங்கள் தடுப்பூசியை மட்டும் வைத்துத் தொடங்கினோம். அடுத்த ஊசி எப்போது என்று தாய்மாருக்குத் தகவல் போக ஆரம்பித்ததும் அவர்களே "கம்ப்யூட்டர்ல பாருங்க" என்று கேட்டார்கள். எடையும் உயரமும் வளர்ச்சிக் கோட்டில் ஏறின. மருந்துச்சீட்டு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. உங்களுக்கு அந்த இடத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), கிரியேட்டினின், பிரஷர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இவ்வளவு போதும். நோயாளி உங்களிடம் உள்ளே வரும் முன், ரத்த அழுத்தம் பார்க்கும் சிஸ்டரே பதிந்துவிடலாம்.

பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே லட்சுமியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக அடித்து மூன்று பேராக்கிவிடுவார்கள். செல்போன் எண்ணும் தனியாகப் போதாது, ஒரு வீட்டுக்கே ஒரு எண்தான். எண்ணோடு அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த வருடம் மூன்றையும் கேளுங்கள். ஒரு சின்ன அட்டையில் கிளினிக் எண் எழுதி நோட்டின் அட்டையிலேயே ஒட்டிவிடலாம்.

கோவை ஆஸ்பத்திரி ஐ.டி.

மேடம், நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலையிலேயே பல வருடம் ஓட்டியவன். மென்பொருள் விற்க வருகிறவரிடம் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு நான் விலகினால் என் நோயாளிகளின் விவரத்தை எந்த வடிவத்தில் தருவீர்கள்?" எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக் விலக முயன்றபோது அந்த நிறுவனம் எல்லாவற்றையும் பிடிஎஃப் படங்களாகக் கொடுத்துவிட்டது. ஒரு சர்க்கரை அளவைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை. எக்செல்லில் திறக்கும்படி எண்கள் எண்களாகவே வர வேண்டும். வாங்கும் முன் பத்து நோயாளிகளைப் பதிந்து, ஏற்றுமதி செய்து, உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

திறந்த மூலத்தில் பாம்னி என்ற ஆஸ்பத்திரி மென்பொருள் இருக்கிறது. சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் ஆஸ்பத்திரியின் தேவையிலிருந்து வளர்ந்தது, ஓபன்எம்ஆர்எஸ் என்ற திறந்த மூல மருத்துவப் பதிவு மென்பொருள் மேல் கட்டியது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் பழுது பார்க்க ஆள் வேண்டும். இரண்டு டாக்டர் கிளினிக்குக்கு அந்த ஆள் கிடைக்காவிட்டால் வேண்டாம் என்பேன்.

ஆபா கட்டாயம் இல்லை. அது 14 இலக்க எண், நோயாளி விரும்பினால் எடுத்துக்கொள்வது. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் அடிப்படை அதுதான். பதிவு எழுதிய இடத்திலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால்தான் இன்னொரு டாக்டர் பார்க்க முடியும். உங்கள் பாட்டிக்கு வேண்டியது இதுதான், ஆனால் மூன்று ஊர் டாக்டர்களும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் நோட்டுதான் இணைப்பு. உங்கள் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கரண்ட், நெட் இரண்டும் போகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கியபோது அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியே பல நாள் காகிதத்துக்குத் திரும்பியது. தினமும் ஒரு பிரதி எடுங்கள், அதில் ஒன்று கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியாக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அந்தப் பிரதி திறக்கிறதா என்று பாருங்கள், இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு. ரிசப்ஷன் பெண்ணுக்கும் டாக்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்

ஒன்று மட்டும் சொல்கிறேன் டாக்டரம்மா. ரிஜிஸ்தரிலும் எழுது, கம்ப்யூட்டரிலும் ஏற்று என்றால் இரண்டும் அரைகுறையாகும். நாங்கள் கர்ப்பிணிகளை பிக்மி என்ற அரசு இணையப் பதிவில் ஏற்றுகிறோம். அதில் கிடைக்கும் ஆர்சிஎச் எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண் பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்பதால் தாய்மாரே கேட்டு வாங்குகிறார்கள், அதனால் அந்தப் பதிவு நிற்கிறது. ஆனால் அதே எடையை, அதே பிரஷரைத் திரும்பத் திரும்ப வேறு நோட்டில் எழுதும் நேரத்தில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். உங்கள் சிஸ்டருக்கு அந்தச் சுமையை வைக்காதீர்கள்.

தேவகோட்டை டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. நர்ஸம்மா சொன்னதைப் படித்த பிறகுதான் வழி தெளிவாயிற்று. சிஸ்டர் பிரஷரையும் எடையையும் கம்ப்யூட்டரில் மட்டும் பதிவார். அப்பா எப்போதும் போல நோட்டில் எழுதுவார், அவரை மாற்றப் போவதில்லை. லேப் எண்களையும் மருந்துப் பட்டியலையும் நான் ஏற்றுகிறேன். நோயாளி கிளம்பும்போது அன்றைய எண்கள், போன தடவை எண்கள், மருந்துகள் எல்லாம் தமிழில், காலை மதியம் இரவு என்று அச்சாகி ஸ்டிக்கராக அந்த நோட்டிலேயே ஒட்டப்படும். அப்பாவிடம் சொன்னேன், "எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றார்.

கோவை சார், நோட்டுப் பக்க அகலத்துக்கு ஒட்டும் தாள் அடிக்கும் பிரிண்டரில் தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா? தெர்மல் தாள் என்றால் சில மாதத்தில் மங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. சாதாரண லேசரில் லேபிள் தாள் போடுவது நல்லதா?