டெரிபாரடைட் ஊசி: அம்மாவுக்கு தலைசுத்தல், கால்சியம் வேற 10.8, நிறுத்திடலாமா? உதவி தேவை

கயல்_திண்டுக்கல்:
எலும்பு பலவீனத்துக்கு டெரிபாரடைட் பென் ஊசி போடுறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ். அம்மாவுக்கு 67 வயசு. கீழ விழக்கூட இல்ல, தண்ணிக் குடத்த தூக்கும்போது முதுகுல சுரீர்னு புடிச்சுது, எக்ஸ்ரே எடுத்தா கீழ் முதுகெலும்புல எல்1-ங்கற எலும்பு நசுங்கியிருக்கு. எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர்ங்கற அளவு மைனஸ் 3.4, ரொம்பக் குறைவு. ஆர்த்தோ டாக்டர் தினம் 20 மைக்ரோகிராம், வயித்துலயோ தொடையிலயோ இடம் மாத்தி மாத்தி போடச் சொன்னார், நான்தான் போட்டு விடுறேன்.

காலைல 7 மணிக்கு காபி, பிரஷர் மாத்திரை, ஊசி மூணும் ஒண்ணா முடிஞ்சிரும். அப்புறம் பூஜை ரூமுக்கு எந்திரிச்சுப் போறப்போ தள்ளாடி சுவத்தப் புடிச்சுக்கிறாங்க, ரெண்டு மூணு தடவ ஆச்சு. நேத்து ரத்தப் பரிசோதனைல கால்சியம் 10.8, அந்த லேப்ல நார்மல் 10.5 வரைக்கும்தான். ரிப்போர்ட் குடுத்த பொண்ணு ஊசிய நிறுத்துங்கன்னுட்டா. போதாததுக்கு முந்தாநேத்து ராத்திரி டிரான்ஸ்ஃபார்மர் போய் விடியற வரைக்கும் கரண்ட் இல்ல, பென் ஃப்ரிட்ஜ் கதவுல அப்பாவோட இன்சுலின் பென் பக்கத்துலதான் இருந்துச்சு. இன்சுலின் வெளிய இருந்தாலே ஒண்ணும் ஆகாது, இதுவும் அப்படித்தான்னு அப்பா சொல்றாங்க. டாக்டர் திங்கக்கிழமதான் வருவார். என்ன பண்றது?

சுப்பு_மாமா:
உடனே நிறுத்தும்மா. ஹார்மோன் ஊசி எலும்புல கேன்சர் வரவைக்கும்னு கம்பெனிக்காரனே பேப்பர்ல போட்டுருந்தான், நான் படிச்சிருக்கேன். பிரண்டைத் துவையல் தினம் குடு, எங்க அம்மா 90 வயசு வரைக்கும் அதுலதான் நடந்தாங்க.

வார்டு_சிஸ்டர்:
கயல், முதல்ல தலைசுத்தல். இந்த மருந்து ஆரம்பத்துல போடுறப்போ ஊசி போட்ட நாலு மணி நேரத்துக்குள்ள எந்திரிச்சு நின்னா பிரஷர் சட்டுன்னு இறங்குறது சிலருக்கு வரும், பிரஷர் மாத்திரையும் அதே நேரத்துல உள்ள போனா இன்னும் கூடும். கட்டில்ல உக்கார வச்சு போடுங்க, அப்படியே கொஞ்ச நேரம் சாஞ்சிருக்கட்டும், எந்திரிக்கும்போது முதல்ல கால தொங்கப்போட்டு உக்காந்து அப்புறம் உங்க கையப் புடிச்சு எந்திரிக்கட்டும். கிறுகிறுன்னு வந்தா உடனே படுக்க வையுங்க, பெரும்பாலும் சரியாயிரும். மயங்கி விழுந்தா, இல்ல படுத்தும் சரியாகலன்னா ஆஸ்பத்திரிதான், திங்கக்கிழம வரைக்கும் பாக்காதீங்க. எலும்பு ஏற்கனவே நசுங்கியிருக்கு, இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு போயிரும், அதான் எனக்கு பயமே. படுக்கப் போற நேரத்துக்கு ஊசிய மாத்தலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, தினமும் ஏறக்குறைய ஒரே நேரமா இருந்தா போதும். ஆனா ராத்திரி பாத்ரூம் எந்திரிக்கிறவங்கன்னா யோசிச்சு முடிவு பண்ணுங்க.

மருந்துக்கடை_மணி:
அக்கா, அந்த ரெண்டு பென்னையும் மொத வேலையா பிரிச்சு வையுங்க. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அவசரத்துல இன்சுலின் பென்ன எடுத்து அம்மாவுக்கு போட்டுட்டா சுகர் இறங்கி உயிருக்கே ஆபத்து. வேற வேற டப்பா, டப்பா மேல பெரிய எழுத்துல பேரு, வேற வேற தட்டு.

அப்பா சொல்றது இன்சுலினுக்கு சரி, பிரிச்ச பென் கொஞ்ச நாள் வெளிய இருக்கலாம். டெரிபாரடைட் அப்படி இல்ல, பிரிச்ச பிறகும் 2 முதல் 8 டிகிரிக்குள்ளதான், எடுத்தமா போட்டமா மூடி திரும்ப வச்சமான்னு இருக்கணும். திறக்காம இருந்தா ஃப்ரிட்ஜ் ஒரு நாலு மணி நேரம் குளிர்ச்சிய தாங்கும், விடிய விடிய கரண்ட் இல்லன்னா பென் நல்லாருக்குன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. கலங்கியிருந்தா, நிறம் மாறியிருந்தா, துகள் தெரிஞ்சா தூக்கிப் போட்டுறணும், ஆனா தெளிவா இருக்குறதனால மட்டும் நல்லதுன்னும் சொல்ல முடியாது. அட்டைப் பெட்டில இருக்குற கம்பெனி நம்பருக்கு பேட்ச் நம்பரச் சொல்லி கேளுங்க, சந்தேகம் தீரலன்னா புதுசு வாங்கிருங்க.

கதவுல வைக்காதீங்க, திறக்குறப்பல்லாம் சூடு ஏறும். ஃப்ரீசருக்கு நேர் கீழயும் வேண்டாம், பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல அந்த எடம் உறைஞ்சே போயிரும், ஒரு தடவ உறைஞ்சா உருகினாலும் போடக்கூடாது. நடுத்தட்டுதான் சரி. ஊசி முனைய பென்லயே விட்டு வைக்காம தினம் புதுசு மாட்டுங்க. மாட்டினதும் ஒரு சொட்டு வெளிய விட்டுப் பாக்கணுமாங்கறது பென்னுக்குப் பென் மாறும், உள்ள இருக்குற தாளப் பாத்து அதுபடி செய்யுங்க.

எண்டோ_டாக்டர்:
ரத்தம் எத்தன மணிக்கு எடுத்தாங்க?

கயல்_திண்டுக்கல்:
7 மணிக்கு ஊசி டாக்டர், லேப்ல கூட்டம், எடுக்குறப்போ பதினொன்றரை இருக்கும்.

எண்டோ_டாக்டர்:
நினைச்சேன். இந்த ஊசி போட்டா 4 முதல் 6 மணி நேரத்துல ரத்தத்துல கால்சியம் உச்சத்துக்குப் போயி, 16 முதல் 24 மணி நேரத்துல பழைய அளவுக்கு வந்துரும். நீங்க சரியா அந்த உச்சத்துல எடுத்திருக்கீங்க. கடைசி ஊசிக்கு அப்புறம் குறைஞ்சது 16 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், அடுத்த ஊசிக்கு கொஞ்சம் முன்னாடின்னா இன்னும் நல்லது. லேப் சீட்டுல ஊசி போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம் ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. தினமும் இந்த நேரச் சிக்கல பாக்குறேன், நல்ல மருந்த பாதியில விட்டவங்க நிறையப் பேரு.

அதுக்காக 10.8-ஐ அப்படியே தள்ளிவிடச் சொல்லல. பிரஷர் மாத்திரை பேர்ல கடைசில 'எச்' இருக்கா பாருங்க, ஹைட்ரோகுளோரோதயசைடுங்கற மருந்து சிறுநீர்ல கால்சியம் போறதக் குறைக்கும். வாரம் ஒண்ணு போடுற 60,000 யூனிட் விட்டமின் டி எத்தன மாசமா ஓடுது? எட்டு வாரத்துக்கு எழுதிக் குடுத்தத வருஷக்கணக்கா வாங்கிப் போடுறவங்க இருக்காங்க. ரெண்டு டாக்டர் தனித்தனியா கால்சியம் மாத்திரை எழுதியிருக்காங்களா? கிட்னி கல் வந்திருக்கா? இதயத்துக்கு டிகாக்சின் போடுறாங்களா? நீங்களா எதையும் நிறுத்தாம இதெல்லாம் எழுதி வச்சு இன்னைக்கே டாக்டரோட ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க, ட்யூட்டி டாக்டர் இருப்பாங்க. விடாம வாந்தி, மலச்சிக்கல், அளவுக்கு மீறின தாகம், சோர்வு, பேச்சுல குழப்பம்னு வந்தா போன் பண்ணிட்டிருக்காதீங்க, நேரா அவசரப் பிரிவு.

சுப்பு மாமாவுக்கு: ஐயா, நீங்க படிச்சது பொய்யில்ல. எலிகளுக்கு வாழ்நாள் பூரா பல மடங்கு டோஸ்ல குடுத்தப்போ எலும்புப் புத்து வந்துச்சு, அதனால 2002-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தப்பவே பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டாங்க. மனுஷங்கள்ல அப்படி கூடினதா தெரியலன்னு 2020-ல அந்தப் பெட்டி எச்சரிக்கைய எடுத்துட்டாங்க. ஆனாலும் எலும்புக்கு ரேடியேஷன் வாங்கினவங்க, எலும்புல கேன்சர் பரவினவங்க, பேஜெட்ங்கற எலும்பு நோய் இருக்குறவங்க, காரணம் தெரியாம ரத்தத்துல ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்ங்கற நொதி கூடியிருக்குறவங்களுக்கு குடுக்கறதில்ல. 2001-ல வெளியான ஆய்வுல, ஏற்கனவே முதுகெலும்பு நசுங்கின 1,637 பெண்கள்ல மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்கள்ல 14 சதவீதம் பேருக்கு புதுசா முதுகெலும்பு முறிவு, 20 மைக்ரோகிராம் போட்டவங்கள்ல 5 சதவீதம். பிரண்டைத் துவையல் தாராளமா சாப்பிடட்டும், நானும் சாப்பிடுவேன், ஆனா எல்1 நசுங்கினவங்களுக்கு அது மட்டும் போதாது.

திருச்சி_மருமக:
எங்க அத்தைக்கு போட்டோம். ஆரம்பத்துல ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் புடிக்கும், போகப் போக விட்டுருச்சு. ஒண்ணு கேக்கணும், விலை தாங்க முடியாம ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு பென்ன நீட்டிக்கலாம்னு எங்க தெருவுல ஒருத்தங்க சொல்றாங்க, அது சரியா?

எண்டோ_டாக்டர்:
வேண்டாம்மா. கழுத்துல தைராய்டு பின்னாடி இருக்குற நாலு குட்டிச் சுரப்பி விடுற ஹார்மோனோட முதல் 34 அமினோ அமிலம்தான் இந்த மருந்து. அந்த ஹார்மோன் உடம்புல எந்நேரமும் கூடவே இருந்தா எலும்பக் கரைக்கும், தினம் ஒரு தடவ கொஞ்ச நேரம் ஏறி இறங்கினா எலும்பு கட்டுற செல்ல எழுப்பிவிடும். தினம் ஒரு ஊசின்னுதான் அளவு. பென்ன பிரிச்சு 28 நாள் ஆனா உள்ள மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடணும், நீட்டினா கெட்டுப்போன மருந்ததான் போடுவீங்க. ஒரு ஊசி விட்டுப்போனா அன்னைக்கே ஞாபகம் வந்தா போடலாம், மறுநாள் ரெண்டா சேத்துப் போடவே கூடாது. காசு கஷ்டம்னா டாக்டர்ட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, வேற மருந்தும் இருக்கு.

கயல்_திண்டுக்கல்:
எல்லாருக்கும் நன்றி. அன்னைக்கே ட்யூட்டி டாக்டர்ட்ட பேசிட்டேன். பிரஷர் மாத்திரை 'எச்' போட்டதுதான் டாக்டர், 60,000 யூனிட்டும் கடைக்காரர் குடுக்க குடுக்க ஓடிட்டே இருந்திருக்கு. அத நிறுத்தி மாத்திரைய மாத்தினாங்க, ஊசி படுக்கப் போறப்போ. சாயங்காலம் ஊசிக்கு முன்னாடி எடுத்த கால்சியம் 9.8. தலைசுத்தல் இல்ல. பென் புதுசு வாங்கிட்டோம், நடுத்தட்டுல தனி டப்பா. ரெண்டு வருஷம்தான் போடணும்னாங்க, அதுக்கப்புறம் சும்மா விட்டுறலாமா?

எண்டோ_டாக்டர்:
சும்மா விட்டா கட்டின எலும்பு திரும்ப கரைஞ்சிரும். முடிஞ்ச கையோட அலென்ட்ரோனேட் மாத்திரையோ, வருஷம் ஒரு தடவ சோலெட்ரோனிக் அமிலம் டிரிப்போ, வேற ஒண்ணோ ஆரம்பிக்கணும். கடைசி பென் வாங்குறப்பவே டாக்டர்ட்ட தேதி வாங்கிருங்க.

மருந்துக்கடை_மணி:
அக்கா, பழைய ஊசி முனையெல்லாம் குப்பைல அப்படியே போடாதீங்க, தூய்மைப் பணியாளர் கையில குத்திரும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி வச்சு, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரில குடுத்துருங்க.