சோம்பல் கெடாமல் ஆறு கிலோ குறைந்த கதை (ஒழுங்கை நாய்களுக்கும் பங்குண்டு)

எனக்கு 41 வயது, உயரம் 158 சென்ரிமீற்றர். தைப்பொங்கல் முடிந்த கையோடு ஏறி நின்றபோது தராசு 74 காட்டியது. இருந்தபடி செய்கிற உத்தியோகம், ஸ்கூட்டியில் கந்தோர், ஸ்கூட்டியில் வீடு, நடப்பதென்றால் படலைக்கும் விறாந்தைக்கும் இடையில்தான். 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட காலத்தில் கோடிக்குள் கிடந்த பழைய லேடீஸ் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து ஓடினேன், நாலு கிலோ தானாகவே இறங்கியது. பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பக் கோடிக்குப் போனது, நாலு கிலோவும் வட்டியோடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஜிம்முக்கு மூன்று மாதக் காசைக் கட்டி ஒன்பது நாள் போனேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

அதனால் இந்த முறை, என் சோம்பல் அனுமதிக்கிறதை மட்டும் செய்வதென்று வைத்துக்கொண்டேன்.

முதலில் சீனி. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. மட்டமாக அள்ளினாலே கரண்டிக்கு 4 கிராம், நாளுக்கு 40 கிராம், மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சீனியை நான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரேயடியாக விடவில்லை, இரண்டு கிழமைக்கு ஒருக்கா அரைக் கரண்டி குறைத்தேன், இரண்டு மாதத்தில் வெறும் பிளேன்டீக்கு வந்துவிட்டேன். "பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடியன், அது உடம்புக்கு நல்லது" என்று அம்மா சொன்னார். பனங்கட்டியும் கலோரிக் கணக்கில் சீனிக்குப் பக்கத்து வீடுதான்.

வீட்டில் விட்டது பெரிய காரியமில்லை, ஊர் வீடுகளில்தான் பாடு. ஒருவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அவர்களுக்கு முகம் கறுத்துவிடும், அதனால் செருப்பைக் கழற்றும்போதே "மாமி, எனக்குச் சீனி போடாமல் ஊத்துங்கோ" என்று சொல்லிவிடுவேன். "ஏன் பிள்ளை, உனக்கும் சுகர் வந்திட்டுதோ?" என்று மாமி கேட்டார், இல்லையென்று சிரித்துவிட்டு வந்தேன், அன்று இரவே கனடாவிலிருந்து சித்தப்பா போன் எடுத்து எந்த டொக்டரிடம் காட்டுகிறாய் என்று விசாரிக்கிறார்.

அடுத்தது இரவுப் புட்டு. அம்மாவின் புட்டில் மாவுக்குச் சரிபங்கு தேங்காய்ப்பூ, அதற்கு மேல் பால் விட்ட சொதி, பொரித்த கத்தரிக்காய். குரக்கன் நல்லது என்று கேள்விப்பட்டு ஒரு மாதம் குரக்கன் புட்டுக்கு மாறினேன், குரக்கன்தானே என்ற தைரியத்தில் நீத்துப்பெட்டியை அப்படியே கவிழ்த்துச் சாப்பிட்டேன், தராசு அசையவேயில்லை. நார்ச்சத்தும் கல்சியமும் அரிசி மாவை விடக் குரக்கனில் கூடத்தான், ஆனால் கலோரியில் இரண்டும் அண்ணன் தம்பி. தேங்காய்ப்பூவோ 100 கிராமுக்கே 350 கலோரி அளவில் நிற்கிறது. நான் அரை மணித்தியாலம் நடந்து கரைப்பது 100, மிஞ்சினால் 130. இந்தக் கணக்கு விளங்கிய அன்றுதான் எனக்குச் சரியான கோபம் வந்தது. இப்போது புட்டு ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தரம் மட்டும், கோப்பையின் மற்றப் பாதியில் முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ, கூட மீன் இரண்டு துண்டு. டயற் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவில்லை. உச்சரித்திருந்தால் அம்மா அழுதிருப்பார்.

மூன்றாவது நடை. சாப்பிட்டபின் 20 நிமிடம் ஒழுங்கையில். அங்கே ஏழு நாய்கள். முதல் இரவு மூன்று சேர்ந்து வெளிக்கிட்டன, ஓடினால் துரத்தும் என்று தெரிந்திருந்தும் ஓடினேன் (அன்றைக்குத்தான் உண்மையான உடற்பயிற்சி). பிறகு கையில் ஒரு பூவரசங்கம்போடு போனேன், இரண்டு கிழமையில் அவைக்கும் பழகிவிட்டது. சனி, ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போவேன், கடற்காற்று அருமை, ஆனால் கச்சான்காரரையும் ஐஸ்கிறீம் வண்டியையும் கடந்து திரும்புவதுதான் சோதனை. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிடம் என்கிறது, அப்படி இப்படி அதற்குக் கிட்ட வந்துவிடுகிறது.

ஏழு மாதத்தில் 68. நடுவில் 70இல் இரண்டு மாதம் அசையாமல் நின்றது, அந்த நேரம் விட்டுவிடப் பார்த்தேன். இடுப்பு 96 சென்ரிமீற்றரில் இருந்து 89, தெற்காசியப் பெண்களுக்கு 80க்குக் கீழே என்பதுதான் அளவு, கிடக்கட்டும். கோயிலில் கண்டவர்கள் எல்லோரும் "என்ன மெலிஞ்சு போனாய், ஏதும் வருத்தமோ" என்கிறார்கள். நிறை கூடியிருந்தபோது ஒருவரும் கேட்கவில்லை!

மற்றவர்களும் எழுதுங்கோ, முக்கியமாகக் குறையாதவர்கள்.

*

தங்கச்சி எழுதிய சைக்கிள் கதை எனக்கு 90களை ஞாபகப்படுத்திவிட்டது. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை, பெற்றோலைக் கண்ணால் காணமுடியாது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கால் நோகிறதை விடச் சைக்கிள் மேல் என்று சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாண டவுனுக்கு ஓடி வருவேன், ஒரு பக்கம் 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. அப்போது எனக்கு 56 கிலோ. இந்தக் காலப் பெடியள் அதைக் கேட்டு ஆகா என்கிறார்கள், சாமான் இல்லாமல் மெலிந்ததில் என்ன ஆகா.

இப்போது 63 வயது, 81 கிலோ, இரண்டு முழங்காலும் தேய்வு. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன், வீங்கியது. பிறகு உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற பிள்ளை ஒருவர் கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருக்கச் சொல்லித் தந்தார், உயரமான கதிரையில் தொடங்கி, பத்துத் தரம். நான் டிவியில் விளம்பரம் போகிற நேரமெல்லாம் செய்கிறேன். நிறை இரண்டு கிலோதான் இறங்கியது, ஆனால் தொடை பலப்பட்டு, பஸ் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்காமல் ஏறுகிறேன். மனைவிக்கு மட்டும் விளம்பரம் மறைக்கிறதாம்.

*

குறையாதவர்கள் எழுதச் சொன்னீர்கள், நான் எழுதுகிறேன். விரதம் பிடித்து நிறை கூடிய ஆள் நான்.

நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறி 25 நாளும் ஒரு நேரச் சாப்பாடு, புண்ணியமும் வரும் வண்டியும் வற்றும் என்று நினைத்தேன். அந்த ஒரு நேரத்தில் இலை போட்டுச் சோறு, வடை, அப்பளம், பாயசம் என்று மூன்று நேரத்துக்கும் சேர்த்துக் கட்டினேன், முடிவில் ஒரு கிலோ கூட. அது பகிடி. பகிடியில்லாதது என்னவென்றால், நான் சுகருக்குக் குளிசை போடுகிறவன், கிளிக்ளசைட். தேர் அன்று விடியக் குளிசையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் நின்றேன், உடம்பு நடுங்கி, வேர்த்து ஊற்றி, கண் இருண்டுவிட்டது. தண்ணீர்ப்பந்தலில் நின்ற பெடியன் ஒருவன்தான் சர்க்கரைத் தண்ணீரைப் பருக்கி இருத்தினான். பிறகு கிளினிக்கில் டொக்டர் ஏசினார்: மெற்போமின் என்ற மற்றச் சுகர்க் குளிசையை மட்டும் போடுகிறவருக்கு இரத்தத்தில் சீனி இப்படி இறங்குவது அரிது, கிளிக்ளசைட் அப்படியில்லை, சாப்பாட்டை விடுவதென்றால் முதலே வந்து கேட்க வேண்டும். இப்போது பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கிற முறையென்று ஆட்கள் தொடங்குகிறார்கள், குளிசை போடுகிறவர்கள் தயவுசெய்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கோ.

*

அக்கா, மூன்று கிழமை நீங்கள் சொன்ன மாதிரிச் செய்தேன், அரைக் கிலோதான். வேலைத்தலத்தில் பின்னேரம் றோல்ஸ் வரும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? இன்னொன்று, அம்மாவிடம் தேங்காய்ப்பூவைக் குறைக்கச் சொல்லி எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? எங்கள் வீட்டில் அது பெரிய சண்டை.

*

தம்பி, மூன்று கிழமையில் அரைக் கிலோ நல்ல கணக்கு, எனக்கு மாதம் ஒரு கிலோகூட வரவில்லை. றோல்ஸை மா தோய்த்து எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள், சேர்க்காமல் விட்டால் அது உங்கள் வயிற்றில் சேரும். நான் கிழமைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மரக்கறி றோல்ஸ்.

அம்மாவை நான் சம்மதிக்க வைக்கவில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய பிறகு அவரே குறைத்துவிட்டார்.