மலபார்க் கரையின் பழைய துறைமுகமான முசிறிக்கு வந்த ரோமானியக் கப்பல்கள் ஏன் ஜூலையில் கிளம்பின?

கேள்வி: தென்மேற்குப் பருவக்காற்று ஜூனிலேயே தொடங்கிவிடுகிறதே? எகிப்திலிருந்து கிளம்ப ஜூலை வரை ஏன் காத்திருந்தார்கள்?

பதில் 1: கிளம்பும் நாளைவிடக் கரைசேரும் நாள்தான் முக்கியம். ஜூன், ஜூலையில் மலபார்க் கரையில் அலை மூர்க்கமாக இருக்கும். ஆற்றுமுகத்து மணல்திட்டில் தட்டினால் கப்பல் போச்சு. ஜூலையில் புறப்பட்டால் செப்டம்பர் வாக்கில், காற்று தணிகையில் வந்துசேரலாம். திரும்ப வடகிழக்குக் காற்று. ஜனவரிக்குள் பாய் விரிக்காவிட்டால் அடுத்த பருவம்வரை சரக்கோடு முடங்க வேண்டியதுதான்.

பதில் 2: சரியாகச் சொன்னீர்கள். திரும்பும் கப்பல்களுக்குச் செங்கடலின் வடபாதியில் எப்போதும் எதிர்காற்று. அதனால்தான் தெற்கே எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயிலேயே சரக்கை இறக்கி, ஒட்டகத்தில் 12 நாள் பாலைவனம் கடந்து நைல் கரை ஊரான கோப்டோஸ், பிறகு நைல் வழியே அலெக்சாந்திரியா. அத்தனைக்கும் மேல் 25% சுங்கம்! பெரெனிகே கோயிலில் இந்தியத் தாழி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது; இந்த வணிகத்துக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?