'இன்கிரிமென்டல் ஹவுசிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சிலி நாட்டின் எலிமென்டல் கட்டடக்கலை நிறுவனம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை நடத்தும் அலெஹாந்த்ரோ அரவேனா, கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2016-இல் பெற்றவர். சாந்தியாகோவில் இவர்கள் கட்டிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் புத்தாக்க மையத்தைப் பற்றி எழுதுவதில் சிக்கல் இல்லை. வெயில் படும் வெளிப்பக்கம் கனத்த கான்கிரீட், கண்ணாடியெல்லாம் உள்ளே, நடு முற்றத்தைப் பார்த்தபடி. எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு வரும்போதுதான் எழுத்து நின்றுவிடுகிறது. வீட்டின் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கொடுத்து, மீதியைக் குடியேறிய குடும்பமே பிறகு கட்டிக்கொள்ள விடும் வகை அது. அதைத்தான் 'இன்கிரிமென்டல் ஹவுசிங்' என்கிறார்கள்.

அகராதியைத் திறந்தால் 'அதிகரிப்பு வீட்டுவசதி' என்று வரும். வாடகை ஏறிய செய்தி போல இருக்கிறது. 'பாதி வீடு', 'அரைவீடு' என்று எழுதியவர்களும் உண்டு. சிலியிலும் பேச்சுவழக்கில் 'மெதியா காசா', அதாவது அரைவீடு, என்கிறார்கள். ஆனால் அது எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, முதல் திட்டத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

வடக்குச் சிலியில் அட்டகாமா பாலைவனத்தை ஒட்டிய துறைமுக நகரம் இகிகே. அதன் நடுவில் கின்டா மொன்ரோய் என்ற அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகப் பட்டா இல்லாமல் குடிசை போட்டு வாழ்ந்தன. அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்பது வேலை. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், சாக்கடை, கட்டடம் எல்லாம் அதற்குள். நிலத்தின் விலையோ வழக்கமாக இத்தகைய வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையைப் போல மூன்று மடங்கு.

தனித்தனி வீடாகப் போட்டால் 30 குடும்பங்களுக்குத்தான் இடம். ஒட்டு வீடுகளாக வரிசையில் போட்டால் 66. அடுக்குமாடி கட்டினால் எல்லாரும் அடங்குவார்கள். ஆனால் பிறகு ஒரு அறைகூடச் சேர்க்க முடியாது. அடுக்குமாடி என்றால் உண்ணாவிரதம் இருப்போம் என்று குடும்பங்களே சொல்லிவிட்டன. அடுக்குமாடியில் தரைத்தளமும் உச்சித்தளமும் மட்டுமே விரிய முடியும். தரைத்தளம் பக்கவாட்டில், உச்சித்தளம் மேலே. அப்படியானால் அந்த இரண்டு தளங்கள் மட்டுமே உள்ள கட்டடம் கட்டினால் என்ன? கின்டா மொன்ரோயின் வடிவம் அங்கிருந்து வந்தது. கீழே ஒரு வீடு, அதன்மேல் இரண்டு தளமாக இன்னொரு வீடு, மேல்வீடுகளுக்கு இடையில் திட்டமிட்டு விட்ட வெற்றிடம்.

2004-இல் கையில் கொடுத்தது 36 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 390 சதுர அடி. குடும்பங்கள் தாமாகக் கட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். இருக்கும் பணத்துக்கு ஒரு சின்ன வீட்டை முழுசாகக் கட்டுவதா, ஒரு நல்ல வீட்டில் பாதியைக் கட்டுவதா என்பதுதான் அரவேனா கேட்ட கேள்வி. எந்தப் பாதி என்பதில் இருக்கிறது சூட்சுமம். தூண், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை என்று ஒரு குடும்பம் தனியாகச் சரியாகச் செய்துகொள்ள முடியாதவற்றை நிறுவனம் கட்டியது. பலகை அடித்து ஒரு அறை தடுப்பது அவர்களாலேயே முடியும். அதை அவர்களிடமே விட்டது.

ஆகவே 'அரைவீடு' என்றால் அரைகுறை வீடு என்று படிப்பவர் நினைப்பார். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

– – –

மறு:

தம்பி, வணக்கம். ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

அலுவலகத் தமிழில் கேட்டால் 'படிப்படியான வீட்டுவசதி' என்று நான் எழுதிவிடுவேன். மாத அறிக்கையில் கையெழுத்துப் போட அது போதும். ஆனால் எந்த வீடுதான் படிப்படியாகக் கட்டப்படவில்லை? கடைக்கால், பேஸ்மென்ட், லிண்டல், தளம் என்று எல்லாமே படிகள்தான். இங்கே வேறுபாடு, குடியேறிய பிறகும் கட்டுவது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேருங்கள். 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளும் கொடுத்து, மீதியை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். இந்தூரில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பும் அப்படித்தான். தென் அமெரிக்காவிலேயே பெரு நாட்டின் லிமா நகரத்தில் நடந்த 'ப்ரெவி' என்ற சோதனை வீட்டுவசதித் திட்டம் இதற்கு முன்னோடி; நம் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியாவும் அதில் ஒரு வடிவமைப்புக் கொடுத்தார்.

கொத்தனார்களிடம் போனால் அவர்களிடம் ஒரு பேச்சே இருக்கிறது: 'மேலே கட்டக் கம்பி விட்டிருக்கு.' தமிழ்நாட்டில் மொட்டைமாடிதோறும் தூண் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோமே, அதுதான். உங்கள் சிலிக்காரர் செய்ததும் கம்பி விட்டு வைத்ததுதான், கணக்கோடு செய்தார். 'கம்பி விட்ட வீடு' என்று எழுதச் சொல்லவில்லை. ஆனால் புதுச்சொல் அந்த விடுதலைச் சொல்ல வேண்டும். சுதந்திரம் என்ற விடுதலை அல்ல, விட்டு வைத்தல்!

– – –

மறு:

வணக்கம். பொறியாளர் ஐயாவின் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

'வளர்வீடு' என்று வைத்துப் பாருங்கள். இது வினைத்தொகை. வளர்ந்த வீடு, வளர்கின்ற வீடு, வளரும் வீடு மூன்றும் அதற்குள் அடங்கும். 'வளரும் வீடு' என்று விரித்துவிட்டால் எதிர்காலம் மட்டும் நிற்கிறது. பத்து வருடம் கழித்து அறைகள் சேர்ந்து நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தாமல் போய்விடும். திட்டம் முழுவதையும் சொல்ல 'வளர்குடியிருப்பு' எனலாம். 'வளர்க்குடியிருப்பு' என்று யாரும் க் போட்டுவிடக் கூடாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. மெய்ப்புத் திருத்தும் என் மேசைக்கு வரும் பிழைகளில் இது தினமும் ஒன்றாவது இருக்கும் என்பதால் சொன்னேன்.

– – –

மறு:

வளர்வீடு காதுக்கு நன்றாக இருக்கிறது அம்மா. எனக்கு ஒரு நெருடல். வீடு தானாகவா வளர்கிறது? கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் குழைக்கும் குடும்பம் இந்தச் சொல்லில் எங்கே? இந்தத் திட்டங்களைப் பற்றி வைக்கப்படும் முக்கியமான குறையே அதுதான்: அரசு பாதிப் பொறுப்பை ஏழையின் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு அழகான பெயரும் வைத்துக்கொள்கிறது. 'வளர்' என்ற சொல் அந்த உழைப்பை மறைத்துவிடும். 'சேர்த்துக் கட்டும் வீடு' என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

– – –

மறு:

ஊறுகாயும் வினைத்தொகைதான். அதுவும் தானாக ஊறுவதில்லை. உப்புப் போட்டுக் குலுக்கிவிட்டவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். வினைத்தொகை செய்தவரைச் சொல்லாது. அதற்கு வாக்கியம் இருக்கிறது. 'குடும்பத்தார் வளர்வீட்டில் இரண்டு அறை கட்டிச் சேர்த்தார்கள்' என்று எழுதினால் யார் கட்டினார்கள் என்பதில் மயக்கம் ஏது? 'சேர்த்துக் கட்டும் வீடு' விளக்கமாக நல்லது. தலைப்பில் நிற்காது.

– – –

மறு:

எல்லாருக்கும் நன்றி. உழைப்பு மறைகிறது என்று எழுதியவரின் கவலையை ஒதுக்கிவிட மாட்டேன். கட்டுரையில் அந்த விமர்சனத்துக்குத் தனிப் பத்தி உண்டு. எலிமென்டலுக்குச் சாதகமாக இருப்பதையும் அதிலேயே சொல்வேன். குடும்பங்களிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள். பணம் போதாதபோது வெந்நீர் கொதிகலனா, குளியல்தொட்டியா என்று கேட்டார்களாம். கொதிகலனைத்தான் கேட்பார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். குடும்பங்களோ தொட்டியைக் கேட்டன. எரிவாயுக் கட்டணம் கட்டக் காசில்லாதபோது கொதிகலனை வாங்கி என்ன செய்வது? இதை அரவேனா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

'வளர்வீடு' எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பொறியாளர் ஐயா கேட்ட 'விட்டு வைத்தல்' அதில் இல்லை. அதற்கு இன்னொரு சொல் தேவைப்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இவர்களின் திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மாறிக்கொண்டே போவது அந்த வெற்றிடம்தான்.

இகிகேயில் மழை என்பதே கிடையாது. அதனால் இரண்டு வீட்டுக்கு நடுவே இடத்தை வானம் பார்க்க விட்டுவிட்டார்கள். மெக்சிகோவின் மொன்டெர்ரே நகரத்தை ஒட்டிய சாந்தா கத்தரீனாவில் 2010-இல் 70 வீடுகள் கட்டியபோது அது நடக்காது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதனால் கூரையை முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக ஓட்டி, வெற்றிடத்துக்கும் மேலே மூடினார்கள்.

அப்புறம் கொன்ஸ்டிடூசியோன். 2010 பிப்ரவரி 27 அன்று வந்த 8.8 அளவு நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் சிதைந்த ஊர். ஊரை மீட்கும் திட்டத்தை எலிமென்டல் நூறு நாளில் வகுத்தது. கடலோரத்தில் சுவர் எழுப்பாமல், அலையின் வேகத்தை உடைக்க மரங்கள் நட்ட காடு ஒன்றை முன்வைத்தது அந்தத் திட்டம். அதே ஊரில் அரௌகோ என்ற மரத்தொழில் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கேட்க, வில்லா வெர்தே என்ற 484 வீடுகளின் குடியிருப்பும் எழுந்தது. கையில் பணம் கொஞ்சம் கூட இருந்ததால் 57 சதுர மீட்டரில் தொடங்கி 85 வரை போகலாம். இகிகேயின் பாதையிலிருந்து இது விலகியது. சரிவுக் கூரை முழு வீட்டுக்கும் போட்டாயிற்று. ஒரு பாதிக்குச் சுவர் உண்டு, மறு பாதி கூரைக்குக் கீழே திறந்த சட்டமாக நிற்கிறது. பக்கவாட்டில் வெளியே வளரத் தேவையில்லை, கூரைக்குள்ளேயே வளர்ந்துகொள்ளலாம். ஒளிப்படங்களில் வரிசையாக வீடுகளைப் பார்க்கும்போது, ஒருவர் கண்ணாடி வைத்திருப்பார், அடுத்தவர் நீலப் பலகை அடித்திருப்பார், மூன்றாமவர் வண்டி நிறுத்தியிருப்பார். எனக்கு எலிமென்டல் வேலைகளில் இதுவே மேலானதாகத் தோன்றுகிறது. இகிகேயில் சேர்த்துக் கட்டியவை சில இடங்களில் குறித்த அளவைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டன; இங்கே கூரையே எல்லையைக் காட்டிவிடுகிறது.

ஆக, இந்த விட்ட இடத்துக்கு 'வளரிடம்' என்று வைக்கலாமா? முதலில் கட்டித் தரும் பகுதிக்கு 'முதற்கட்டு' என்று ஒரு எண்ணம். இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடு என்கிறோமே.

– – –

மறு:

தம்பி, வளரிடம் சரி. முதற்கட்டு வேண்டாம். தெருவிலிருந்து நுழைந்ததும் வரும் முற்றமும் கூடமும்தான் முதற்கட்டு. பழைய வீட்டில் சமையல் கடைசிக் கட்டில். உங்கள் வீட்டிலோ முதலில் கட்டுவதே சமையலறையும் கழிவறையும். படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். 'அடிப்பகுதி' என்றும் வேண்டாம், அஸ்திவாரம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'தொடக்கப் பகுதி' என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போங்கள். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் எதற்கு?

வளரிடத்தில் ஒரு கணக்கு முக்கியம். பிறகு வரப்போகும் சுவரின் எடையை முதல் நாளே தூணும் கடைக்காலும் தாங்க வேண்டும், அதுவும் நிலநடுக்க நாட்டில். வெறும் காலி இடத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கொல்லை வளரிடம் ஆகாது.

– – –

மறு:

ஐயா சொன்னபடியே. இப்போதைக்குக் கட்டுரையில் போவது இது:

'வளர்வீடு: குடியேறிய பின் குடும்பத்தார் தாமே கட்டிச் சேர்க்கும் வகையில் வடிவமைத்த வீடு. கட்டுமானத்தில் கடினமான பகுதி முதலிலேயே கட்டித் தரப்படும். வளரிடம்: அவ்வாறு சேர்ப்பதற்கென எடையும் அளவும் கணக்கிட்டு விட்ட இடம்.'

கின்டா மொன்ரோய், சாந்தியாகோவின் லோ எஸ்பெஹோ, மொன்டெர்ரே, வில்லா வெர்தே ஆகிய நான்கின் வரைபடங்களையும் 2016-இல் எலிமென்டல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டது. அவற்றில் ஒன்றைத் தமிழ்க் குறிப்புகளோடு வரைந்து குழுவுக்கு அனுப்புகிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு நான் 'பங்குச்சுவர்' என்று போட்டிருக்கிறேன். பொதுச்சுவரா, பங்குச்சுவரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.