ஆட்சி மாறினால்தான் மக்களாட்சியா?

தேக்காவாசி:
தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் மகள், மக்களாட்சியையும் சர்வாதிகாரத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டாள். ஆளுங்கட்சி தேர்தலில் தோற்று, பதவியை விட்டு இறங்கியிருக்கிறதா என்று பார், அது போதும் என்றேன். 1977இல் இந்திரா காந்தி தோற்றார், இறங்கினார். மியன்மாரில் 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி வென்றது. ராணுவம் நாற்காலியை விடவில்லை. 2020இல் அக்கட்சி மறுபடியும் வென்றது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்தது. இதைவிடத் தெளிவான சோதனை உண்டா?

புங்கோல் ஆசிரியை:
அண்ணா, போட்ஸ்வானாவை என்ன செய்வீர்கள்? 1966இல் விடுதலை பெற்றதிலிருந்து ஒரே கட்சி ஆண்டது. 2024இல் தோற்றது; அதிபர் தோல்வியை ஏற்று விலகினார். அப்படியானால் 2023 வரை அது சர்வாதிகாரமா? விளைந்த பிறகுதான் விதை எது என்று சொல்வேன் என்கிறீர்கள். இங்கே சிங்கப்பூரில் 1959 முதல் மக்கள் செயல் கட்சிதான். ஆனால் 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் (பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி) வெளியுறவு அமைச்சரே தோற்றார். அது உங்கள் கணக்கில் எங்கே வருகிறது?

ஈசூன்காரன்:
எந்தக் கணக்கானாலும் இடங்களையும் பாருங்கள். 2025இல் மக்கள் செயல் கட்சிக்கு 65.57 விழுக்காடு வாக்குக்கு 97இல் 87 இடங்கள். 1988இல் வந்த குழுத்தொகுதி முறை சிறிய கட்சிகளுக்குச் சுமை. ஓர் அணியையே திரட்டினால்தான் போட்டியிட முடியும்.

புங்கோல் ஆசிரியை:
குழுத்தொகுதி பற்றிய உங்கள் குறை நியாயமானது. ஆனால் இடக்கணக்கு எதையும் நிரூபிக்காது. பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கில் 650இல் 400க்கும் மேல் வென்றது.

தேக்காவாசி:
போட்ஸ்வானாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெக்சிகோவிலும் 1929 முதல் 2000 வரை ஒரே கட்சிதான், தேர்தல்களும் தவறாமல் நடந்தன. 1988இல் வாக்கு எண்ணும் கணினி பழுது என்றார்கள். பிறகு ஆளுங்கட்சியே வென்றதாக அறிவித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நாடும் ஒன்றுபோலத் தெரியும். தோல்வியைப் பார்க்காமல் எப்படிப் பிரிப்பீர்கள்?

புங்கோல் ஆசிரியை:
தோல்வியைப் பார்த்தாலும் ஏமாறலாம். தாய்லாந்தில் 2014இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பிரயுத்தின் கட்சி 2023 தேர்தலில் தோற்றது, அவரும் பதவியிலிருந்து இறங்கினார். உங்கள் சோதனையில் தாய்லாந்து தேறிவிடும். ஆனால் முதலிடம் பெற்ற மூவ் ஃபார்வர்ட் கட்சியின் தலைவரை, நியமிக்கப்பட்ட 250 செனட்டர்களில் பெரும்பாலோர் ஆதரிக்கவில்லை. அவர் பிரதமராக முடியவில்லை. 2024இல் அக்கட்சியையே நீதிமன்றம் கலைத்தது. வாக்கை எண்ணுவது யார், வென்றவர் கையில் அதிகாரம் போகிறதா, தோற்றவர் மறுநாள் பயமின்றிப் பேச முடிகிறதா: நான் இவற்றைத்தான் பார்ப்பேன்.

தேக்காவாசி:
தோல்வி எல்லார் கண்ணுக்கும் தெரியும். நீங்கள் சொல்லும் தேர்தல் களத்தின் நேர்மையை அளப்பது யார்? ஆளுக்கொரு அளவு சொல்வார்கள்.

புங்கோல் ஆசிரியை:
மெக்சிகோவையே அளந்து பாருங்கள். 1996இல் தேர்தல் நிறுவனம் அரசின் பிடியிலிருந்து விடுபட்டது. 1997இல் ஆளுங்கட்சி கீழவையில் பெரும்பான்மையை இழந்தது. அதிபர் பதவி போனது 2000இல். களத்தைக் கவனித்தவர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.