கோவையில் பிபிஎஃப் சுத்தமாக ஒட்டித் தருபவர் யார்?

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்குக் கறுப்பு நிறத்தில் புது கார் வருகிறது, பிபிஎஃப் (பெயின்டில் கீறல் விழாமல் காக்கும் கண்ணாடி போன்ற பிலிம்) ஒட்ட வேண்டும். டிபியு என்ற, இழுபடும் பிளாஸ்டிக் பிலிம்தான் போடப்போகிறோம், பிவிசி பிலிம் சீக்கிரம் மஞ்சளடித்துவிடும். பிலிமைவிட ஒட்டுகிற கைதான் கவலையாக இருக்கிறது. ஒரு கடையில் பார்த்த வண்டியில் பானெட் ஓரம் தூக்கிக்கொண்டு, அந்த இடுக்கில் கோடுபோல அழுக்கு. பம்பர் வளைவில் இழுத்த தடம் வரிவரியாகத் தெரிந்தது. சிலர் பெயின்ட் மேலேயே பிளேடு வைத்து வெட்டுகிறார்களாம், நினைத்தாலே பதறுகிறது.

பிளாட்டரில் (வண்டியின் அளவுக்கு பிலிமை முன்பே வெட்டித் தரும் மெஷின்) வெட்டி, முடிந்த இடத்தில் ஓரத்தை உள்ளே மடித்து, தூசி இல்லாத அறையில் ஒட்டும் கடை கோவை, திருப்பூர் பக்கம் தெரியுமா? ஒட்டி ஒரு வருடமாவது ஆனவர்கள் ஓரங்களின் போட்டோவைப் போட்டால் பெரிய உதவி. அப்புறம், ஒட்டியபின் எத்தனை நாள் கழுவாமல் விட்டீர்கள்?