ஊர்மை, நிலத்தியல்பு, திணை: ‘சென்ஸ் ஒஃப் பிளேஸ்’ என்பதற்கு எந்தச் சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஓர் இடத்தை அந்த இடமாக்கும் தன்மையையும், அதன்மேல் ஆட்களுக்கு இருக்கும் உணர்வையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘சென்ஸ் ஒஃப் பிளேஸ்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன கிழமை நான் போட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அதைச் சொன்னால் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

என் பெறாமகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை (லாண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சர்) படிக்கிறாள். ஆய்வுக்கு எடுத்த இடம் நகைக்கடைகள் நிறைந்த கொழும்பு செட்டியார் தெரு. வெளியாட்களுக்கு அந்தத் தெருவைக் காட்டுவதென்றால் எதைக் காட்டுவது, எதில் கைவைக்காமல் விடுவது என்பதுதான் அவள் தேடுவது. வினாக்கொத்தைத் தமிழாக்கியது நான். ‘சென்ஸ் ஒஃப் பிளேஸ்’ என்று இருந்ததை ‘இடவுணர்வு’ ஆக்கிக் கொடுத்தேன். முதல் நாளே ஒரு நகைக்கடை முதலாளி அதைப் படித்துவிட்டு, “எந்த இடத்தில உணர்வு மகள், காலிலயா கையிலயா?” என்று கேட்டாராம். சலரோக (நீரிழிவு)க் கணக்கெடுப்பு என்று நினைத்திருக்கிறார். இடவுணர்வு அன்றோடு சரி.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

‘இடத்தின் ஆன்மா’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மூலத்துக்கு அது நெருக்கம்தான். ரோமர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு என்று நம்பினார்கள், ‘ஜீனியஸ் லோசை’ என்றார்கள். 1731இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், தோட்டம் போடுகிறவன் முதலில் அந்த இடத்துத் தெய்வத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும் என்று பாட்டில் எழுதிய பிறகு, அது தோட்டக் கலைக்காரர்களின் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் கிராமத்துக் காவல் தெய்வத்தைக் கேட்காமல் வேலி போட மாட்டார்கள், ஆகவே நமக்கு இது புதிதில்லை. ஆனால் கணக்கெடுப்புத் தாளில் ‘ஆன்மா’ என்று அச்சடித்துக்கொண்டு கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் போனால் மூன்று இடத்திலும் மூன்று வகையாகப் புரிந்துகொள்வார்கள். ‘ஆவி’ பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

‘இடப்பண்பு’ பரவாயில்லை, உயிர்தான் இல்லை. ‘இடக்குணம்’ என்பதை என் மனைவி ‘இடக்குக் குணம்’ என்று வாசித்தாள். விட்டுவிடுவோம்.

உண்மையான போட்டி ‘திணை’யோடுதான். குழுமத்தில் நாம் ‘சேர்’ என்று அழைப்பவர் அதை விடாப்பிடியாக முன்வைக்கிறார், காரணமும் வலுவானது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கை, நிலத்தோற்றம் என்பது மக்கள் உணர்ந்தறிகிற ஒரு பரப்பு, அதன் குணம் இயற்கையும் மனிதரும் சேர்ந்து உண்டாக்கியது என்கிறது. ஒவ்வொரு திணைக்கும் உரியவை என்று தொல்காப்பியர் கருப்பொருளாக அடுக்குவதைப் பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ். செய்தி என்றால் தொழில். செட்டியார் தெருவுக்கு அப்படியே பொருந்துகிறது. தெய்வம் கதிரேசன், தொழில் நகை, பறைக்கு ஆடிவேல் திருவிழாவின் மேளம். பெறாமகளிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன், “இதைத்தான் சித்தப்பா எங்களுக்கு இரண்டு தவணையாகப் படிப்பிக்கிறார்கள்” என்றாள்.

அதைவிட முக்கியம் முதற்பொருள். ‘முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பு’ என்பது சூத்திரம். நிலத்தோடு பொழுதையும் சேர்த்தாரே, அங்கேதான் நான் சொக்கிப்போனேன். கொழும்பின் காலிமுகத்திடலை வரைபடத்தில் பாருங்கள்: கடலோரம் ஒரு நீண்ட புல்வெளி, ஒரு நடைபாதை. 1859இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் உலாவும் இடமாக அமைத்தது. நண்பகலில் போனால் வெயிலையும் காகத்தையும் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு மேல் அதே புல்லில் பட்டம் ஏறும், இஸ்ஸோ (இறால்) வடை வண்டில் வரிசை கட்டும், குடைக்குக் கீழே காதலர்கள், தொழுகைத் தொப்பியோடு தாத்தாமார், முக்காடு போட்ட அம்மாமார், கச்சானுக்கு அழும் பிள்ளைகள். நிலம் ஒன்று, பொழுது வேறு, இடமும் வேறு. நகரத் திட்டத் தாளில் பொழுதுக்கு எங்கே பெட்டி வைத்திருக்கிறார்கள்?

சரி, பிறகு ஏன் நான் திணைக்கு ஒத்துக்கொள்ளவில்லை? திணை என்பது வகை. குறிஞ்சி எந்த மலைக்கும் குறிஞ்சிதான். பிரித்தானியாவில் நிலத்தோற்ற மதிப்பீடு செய்கிறவர்கள் இரண்டைப் பிரித்து வைக்கிறார்கள்: பல இடங்களில் திரும்ப வரக்கூடிய வகை ஒன்று, வேறெங்கும் இல்லாத தனிப்பரப்பு இன்னொன்று. திணை முதலாவதுக்கு அச்சொட்டாகப் பொருந்தும், அதற்கே வைத்துக்கொள்வோம். நாங்கள் தேடுவது இரண்டாவதை. இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு. இலங்கையில் திணை என்றதும் ஆட்களுக்குத் திணைக்களம், அதாவது அரசாங்க இலாகாதான் ஞாபகம் வரும். ‘இந்தத் தெருவின் திணை எது?’ என்று கேட்டால் ‘நகர அபிவிருத்தி அதிகார சபை’ என்று எழுதிவிடுவார்கள்.

என் முடிவு இது: ஆங்கிலச் சொல் இரண்டு சாமான்களை ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது. ஒன்று, இடத்திடம் இருப்பது. மற்றது, அந்த இடத்தோடு புழங்கியவர்களிடம் இருப்பது. பையை அப்படியே தமிழாக்கப் பார்த்ததால்தான் இவ்வளவு இழுபறி.

இடத்திடம் இருப்பதற்கு ‘நிலத்தியல்பு’ போதும். வள்ளுவர் ‘நிலத்தியல்பால் நீர்திரிந்து’ என்று ஏற்கெனவே தந்த சொல். சரிவு, நீர், மரம், கட்டடம், வாசனை, சத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். வெளியாளும் பழகிய கண்ணால் அதைப் படிக்கலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டைக்கருகே லுணுகங்கை இறப்பர் தோட்டத்தை வாங்கி, குன்றின் தலையைத் தாழ்த்தி, அப்பால் இருந்த நீரும் விகாரையும் வீட்டிலிருந்து தெரியும்படி செய்தது நிலத்தியல்பைப் படித்த வேலை.

மற்றதற்கு நான் வைப்பது ‘ஊர்மை’. கொழும்பில் நாற்பது வருடம் இருந்தவரிடம் “எந்த ஊர்?” என்று கேளுங்கள். வெள்ளவத்தை என்று சொல்லவே மாட்டார். சாவகச்சேரி, மட்டக்களப்பு, பதுளை என்றுதான் வரும். ஊர் என்ற சொல்லுக்குள் பற்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவன் மட்டும் கொட்டாஞ்சேனை என்பான், அதையும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். அந்த நிமிர்வுக்குப் பெயர் வேண்டும்.

சுற்றுலா ஆய்வுக்கும் இந்தப் பிரிப்பு உதவும். சமூகவியலாளர் டீன் மக்கனல் 1973இல் எழுதியது ஞாபகமிருக்கும்: பயணிகளுக்கென்றே மேடை போட்டுக் காட்டும் அசல்தன்மை. அதை ‘சோடனை ஊர்மை’ எனலாம். எந்த நகரமும் எந்த நகரம்போலவும் ஆகிப்போவதை புவியியலாளர் எட்வர்ட் ரெல்ப் 1976இல் பேசினார், அது ‘ஊர்மையிழப்பு’. மெனிங் காய்கறிச் சந்தை கொழும்புக்கு வெளியே பேலியகொடைக்குப் போன பிறகு புறக்கோட்டையின் விடியற்காலைக்கு நேர்ந்ததையும் இதில் சேர்ப்பேன், கட்டடம் ஒன்றும் இடியாவிட்டாலும்.

அன்புடன்,
கொழும்பு 13இலிருந்து

* * *

அண்ணா, வணக்கம். சென்னையிலிருந்து ஒரு சந்தேகம். ஊர்வன, ஊர்தல், ஊர்தி எல்லாம் இருக்கும்போது ‘ஊர்மை’ என்றால் ஊர்ந்து போகும் தன்மை என்று மாணவர்கள் நினைக்க மாட்டார்களா? அப்புறம், ஏரிக்கும் காட்டுக்கும் ஊர்மை உண்டா? உங்கள் நாட்டுச் சிங்கராஜ மழைக்காட்டில் யாருடைய ஊர் இருக்கிறது?

* * *

தம்பி, முதல் கேள்விக்கு: குடியிலிருந்து குடிமை, தாயிலிருந்து தாய்மை, ஊரிலிருந்து ஊர்மை. குடிமை என்றதும் யாரும் சாராயத்தை நினைப்பதில்லை, திருக்குறளில் ஓர் அதிகாரமே அந்தப் பெயரில் இருக்கிறது. பழகினால் இதுவும் பழகும்.

இரண்டாவதில் பிடித்துவிட்டீர்கள். காட்டுக்கு நிலத்தியல்பு நிச்சயம் உண்டு. ஊர்மை, விளிம்புக் கிராமத்தில் இருந்து தேன் எடுக்கப் போகிறவருக்கு இருக்கும், எனக்கு இல்லை. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் கொழும்புத் துறைமுக நகரத்துக்கும் இதே கதைதான். நிலத்தியல்பு வந்துவிட்டது. ஊர்மைக்கு, அங்கே பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து வெளிநாடு போய் அந்த இடத்தை நினைத்து ஏங்க வேண்டும். ஆகவே சொல் பொருந்தாத இடங்கள் இருப்பதைக் குறையாக எடுக்கவில்லை.

வினாக்கொத்தில் கலைச்சொல்லே வேண்டாம் என்று பெறாமகள் சொல்லிவிட்டாள், அது ஆய்வேட்டுக்கு மட்டும். தெருவில் கேட்பதற்குக் கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறோம்: “எது இல்லாமல் போனால் இது செட்டியார் தெரு இல்லை என்பீர்கள்?” அதே முதலாளி இந்தத் தடவை யோசிக்கவே இல்லையாம். பின்னால் பட்டறையில் நகை செய்யும் பத்தர் தட்டுகிற சத்தம் என்றாராம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் ‘சோடனை’யைவிட நல்ல சொல் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள்.